லூப்பஸ் என்ற ஒற்றைப் பதில்

கோபம் ஆறிய பிறகு எழுதுங்கள் என்று என் மகள் சொன்னாள். பணி ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் அது ஆறவில்லை. இனி ஆறும் என்றும் தோன்றவில்லை. அதனால் சூட்டோடு எழுதுகிறேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் மருத்துவர்களே, இது உங்களுக்குத்தான். உங்களில் பாதிப் பேர் என்னைத் திட்டப் போகிறீர்கள். திட்டுங்கள், ஆனால் முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நான் மலேசியாவில் அரசாங்க கிளினிக்கில் மருத்துவராக வேலை செய்தவள். கடைசிச் சில ஆண்டுகள் கோலசிலாங்கூர் பக்கம். காலையில் கதவைத் திறக்கும்போதே ஜெராமிலிருந்து மீன்பிடிப்பவர்கள், சுற்றிலும் உள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்து நம் தமிழ் ஆட்கள், கம்பம் என்கிற கிராமங்களிலிருந்து மலாய்க்காரர்கள் என்று வெளி பெஞ்சுகள் நிறைந்திருக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம், இருமல், கர்ப்பிணிகள், செம்பனை முள் குத்திப் பழுத்த கைகள். அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாகத்தான் லோகேஸ்வரி வந்தாள். நான் அங்கே மாற்றலாகிப் போன புதிது.

நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். கோலசிலாங்கூர் டவுனில் ஒரு தையல் கடையில் பள்ளிச் சீருடை தைக்கிறவள். வீடு புக்கிட் பெலிம்பிங் பக்கம், அண்ணன் குடும்பத்தோடு. அண்ணன் தோட்டத்தில் மண்டோர், வேலையாட்களை மேய்க்கிற கங்காணி. அந்த வெயிலிலும் மணிக்கட்டு வரை கை நீண்ட சட்டை, அகலமான தொப்பி. பார்த்தவுடன் எனக்குப் புரிந்தது. வெயில் பட்டால் அவளுக்கு நோய் கிளம்பும்.

லூப்பஸ் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. உடம்பைக் காக்க வேண்டிய சக்தி உடம்பையே எதிரியாக நினைத்துத் தாக்கும் நோய் அது. பெரும்பாலும் பெண்களுக்குத்தான் வருகிறது, அதுவும் கல்யாணம், குழந்தை என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கும் வயதில். மூட்டு, தோல், ரத்தம், சிறுநீரகம், எதை வேண்டுமானாலும் பிடிக்கும். லோகேஸ்வரிக்குச் சிறுநீரகத்தைப் பிடித்தது. பெரிய ஆஸ்பத்திரியில் கடுமையான மருந்தை நரம்பில் ஏற்றி அதைக் காப்பாற்றியிருந்தார்கள். பிறகு வருடக்கணக்காக மாத்திரைகள். அந்த மருந்துகள் எல்லாம் செய்வது ஒன்றைத்தான்: தன்னையே தாக்கும் அந்த எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கும்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது லோகேஸ்வரி அல்ல. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணி விமலா. நான் எதைக் கேட்டாலும் விமலாவே பதில் சொன்னார். நிச்சயம் ஆகியிருந்த கல்யாணம் நோய் தெரிந்ததும் நின்றுபோனதையும், ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்கிற மாதிரி, லோகேஸ்வரியை வைத்துக்கொண்டே சொன்னார். விமலாவை நான் குறை சொல்ல மாட்டேன். வருடக்கணக்காக உப்பில்லாமல் தனியாகச் சமைத்துப் போட்டவர் அவர். மழையானாலும் மோட்டார் சைக்கிளில் உட்காரவைத்து கிளினிக்குக்குக் கூட்டி வந்தவர். சொந்தத் தங்கைக்குக்கூட எத்தனை பேர் அதைச் செய்வார்கள்? ஆனால் அந்த அன்பு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அதுதான் சிக்கல்.

அன்று அவர்கள் வந்தது ரத்தம் ஊற மாத்திரை வாங்கிப் போக. லோகேஸ்வரியின் ரத்த அளவு குறைந்துகொண்டே வந்திருந்தது. ஏன் குறைகிறது என்று கேட்டேன்.

"இவளுக்கு எது வந்தாலும் லூப்பஸ்தான் டாக்டர்," என்றார் விமலா. "பெரிய ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாங்க. மாத்திர மட்டும் குடுங்க, போதும்."

நான் லோகேஸ்வரியைப் பார்த்தேன். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பெண் வந்தாலும், கூட யார் வந்திருந்தாலும், கொஞ்ச நேரம் அவளைத் தனியாகப் பார்ப்பேன். கணவன், அம்மா, மாமியார், தலைமை ஆசிரியை, யாராக இருந்தாலும் வெளியே உட்கார வேண்டும். யார்மீதும் சந்தேகப்பட்டுச் செய்வதில்லை. எல்லாருக்கும் செய்வதால் யாருக்கும் கோபம் வராது. விமலாவிடமும் அதைத்தான் சொன்னேன். தயங்கினார், பிறகு மருந்து எடுக்கும் இடத்தில் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கதவு சாத்தியதும் லோகேஸ்வரி பேசினாள். ஒரு வருடத்துக்கும் மேலாக மாதவிலக்கு அல்லாத நாட்களிலும் ரத்தம் படுகிறது. சில நாள் நாற்றமும் இருக்கிறது. தையல் மெஷினில் உட்கார்ந்து எழும்போது பாவாடையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வது பழக்கமாகிவிட்டது. இதை யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டேன்.

எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் லூப்பஸ் பிரிவில் சொன்னபோது, நோயால் ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கும், அதனால்தான் என்றார்கள். தட்டணுக்கள் சரியாக இருப்பதாக முடிவு வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நம் கிளினிக்கில் எனக்கு முன்னால் இருந்தவரிடம் சொன்னாள். நீ நிபுணரின் நோயாளி, அவரிடமே கேள் என்று அனுப்பிவிட்டார். டவுனில் ஒரு தனியார் டாக்டர் ரத்தத்தை நிறுத்த மாத்திரை கொடுத்தார். கடைசியில் ஒருவழியாக மகளிர் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே அவள் அட்டையில் 'திருமணமாகாதவர்' என்று இருந்தது. வயிற்றுக்கு மேலே ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது, லூப்பஸுக்கு இப்படி வரும் என்று திருப்பி அனுப்பினார்கள்.

இத்தனை பேரும் படித்தவர்கள். ஒருவர்கூட அவளைப் படுக்கவைத்து, விளக்கைப் போட்டு, ரத்தம் வருகிற இடத்தைப் பார்க்கவில்லை. மூக்கில் ரத்தம் வந்தால் மூக்கைப் பார்க்கிறோம். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இல்லை. கூச்சப்பட வேண்டியது அவர்கள்.

ஆண் உறவு உண்டா என்று நேராகக் கேட்டேன். தயங்காமல் தலையாட்டினாள். சுங்கை பெசாரில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிற ஒருவர், மனைவியை இழந்தவர். பல வருடப் பழக்கம். அவர் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருக்கிறார். என்றைக்கு விழுந்துவிடுவோம் என்று தெரியாத உடம்பை இன்னொருவர் தலையில் கட்டக் கூடாது என்று இவள்தான் மறுத்துக்கொண்டிருக்கிறாள். வீட்டில் யாருக்கும் தெரியாது.

இதை ஏன் ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை என்றேன்.

"யாரும் கேக்கல டாக்டர். எனக்கு நோவு இருக்குல்ல. நோவு இருக்கிறவளுக்கு அதெல்லாம் இருக்காதுன்னு நெனச்சிட்டாங்க போல."

கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா என்றேன். அண்ணி இல்லாதபோது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றாள்.

என் கோபம் அந்த இடத்தில்தான் தொடங்கியது. இத்தனை வருடம் அவள் சிறுநீரகத்தை அளந்தோம், ரத்தத்தை அளந்தோம், மூட்டை அமுக்கிப் பார்த்தோம். அவள் ஒரு பெண் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டோம். அட்டையில் இருந்த ஒரு சொல் எல்லாருக்கும் போதுமானதாக இருந்தது.

பரிசோதனை செய்யச் சம்மதமா என்று கேட்டேன். சரி என்றாள். நர்ஸ் ரோஸ்னாவைக் கூப்பிட்டேன். நல்ல நர்ஸ், கைப்பக்குவம் உள்ளவர். அவரும் அட்டையைப் பார்த்துவிட்டு, கல்யாணம் ஆகாதவங்க டாக்டர் என்று என் காதருகே சொன்னார். நோயாளியிடம் கேட்டுவிட்டேன், அவர் சம்மதித்துவிட்டார் என்றேன். ரோஸ்னா திரையை இழுத்தார்.

விளக்கைத் திருப்பிப் பார்த்தேன். கருப்பை வாயில் ஒரு பக்கம் சதை வளர்ந்து கரடுமுரடாக இருந்தது. பஞ்சு பட்டதும் ரத்தம் கசிந்தது. ரோஸ்னாவும் பார்த்தார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இதை நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டும். படுத்திருப்பவள் மேலே உள்ள கூரையைப் பார்க்கவில்லை, உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் உடை சரிசெய்து உட்காரும் வரை பேசவில்லை. பிறகு சொன்னேன்: "லோகேஸ்வரி, அங்க வித்தியாசமா ஒண்ணு இருக்கு. அது என்னன்னு சதை எடுத்துப் பாத்தாதான் தெரியும். ஒண்ணும் இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நான் கண்ணால பாத்துட்டேன். இனி யாரும் ஒங்களச் சும்மா திருப்பி அனுப்ப முடியாது."

கேன்சரா என்று கேட்டாள். இருக்கலாம் என்றேன். அவள் அழவில்லை. அப்போ இது லூப்பஸ் இல்லையா என்றாள். அந்தக் கேள்வியில் நிம்மதி இருந்ததா, ஆத்திரம் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியாது. வெளியே விமலா கதவைத் தட்டினார். அண்ணியிடம் எதைச் சொல்ல, எதை விட என்று அவளிடமே கேட்டேன். கட்டி இருக்கிறது என்று சொல்லுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அப்படியே செய்தேன்.

அடுத்து தொலைபேசி. மகளிர் பிரிவில் பேசிய இளம் டாக்டர், கருப்பை வாய்ச் சோதனை முடிவை முதலில் அனுப்பச் சொன்னார். முடிவு வந்த பிறகு நாள் குறித்துத் தருவார்களாம், அது சில மாதம் ஆகுமாம். நான் கேட்டேன்: தீப்பிடித்த வீட்டின் முன்னால் நின்றுகொண்டு புகை வருகிறதா என்று சோதிக்கச் சொல்கிறீர்களா? அந்தச் சோதனை ஒரு தொந்தரவும் இல்லாதவர்களுக்கு. இவளுக்கு ரத்தம் வருகிறது, வளர்ச்சியை நான் கண்ணால் பார்த்தேன். இவளுக்குத் தேவை சதைப் பரிசோதனை. அவர் மேலதிகாரியிடம் கேட்க வேண்டும் என்றார். காத்திருக்கிறேன், லைனை வைக்க மாட்டேன் என்றேன். வெளியே நோயாளிகள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் வைக்கவில்லை. அந்த வாரமே வரச் சொன்னார்கள்.

இன்னொரு அழைப்பு அவளுடைய லூப்பஸ் நிபுணருக்கு. கெட்டிக்காரர், அவள் சிறுநீரகத்தைக் காப்பாற்றியவர். விஷயத்தைச் சொன்னேன். கருப்பை வாய்ச் சோதனையெல்லாம் கிளினிக்கில் செய்வார்கள் என்று நினைத்திருந்ததாகச் சொன்னார். கிளினிக்கில் இருந்தவர்களோ நிபுணர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தார்கள். மகளிர் பிரிவில் கல்யாணம் ஆகாதவளுக்கு எதற்கு என்று நினைத்தார்கள். எல்லாரும் ஒருவரையொருவர் நம்பினோம் டாக்டர் என்று வருத்தத்தோடு சொன்னார். அந்த நம்பிக்கைக்குத் தன் கருப்பையைக் கொடுக்கப் போகிறவள் யார் என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. அவர் உதவி எனக்கு இன்னும் தேவைப்பட்டது.

சதைப் பரிசோதனை முடிவு வந்தது. புற்றுநோய்தான். ஆனால் வெளியே பரவவில்லை, அறுவை சிகிச்சை செய்யலாம் என்றார்கள்.

மறுநாள் காலையே அவள் அண்ணன் கிளினிக்குக்கு வந்தார். தோட்டத்தில் வேலையாட்களை அதட்டிப் பழகிய குரல். வரிசையைத் தாண்டி என் அறை வாசலில் நின்று, பெஞ்சில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்: "கல்யாணம் ஆகாத பொண்ண யாரக் கேட்டு அப்படிப் பாத்தீங்க?"

உள்ளே வந்து உட்காருங்கள் என்றேன். உட்காராமல் ஒரு பிளாஸ்டிக் பையை என் மேசைமேல் வைத்தார். லோகேஸ்வரியின் மாத்திரைகள், அத்தனையும். இந்த மருந்தால்தான் கேன்சர் வந்தது, போனில் எல்லாம் போட்டிருக்கிறான், நேற்றோடு நிறுத்தச் சொல்லிவிட்டேன் என்றார்.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். அந்த நிமிடத்தில் என் உடம்பு முழுக்கக் கோபம். அவள் குழந்தையா, உங்களைக் கேட்க? சம்பாதிக்கிறாள், ஓட்டுப் போடுகிறாள், தன் உடம்பைக் காட்ட அண்ணன் அனுமதி வேண்டுமா? இதையெல்லாம் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வெளியே உட்கார்ந்திருந்த பெண்களில் சிலர் கை தட்டியிருப்பார்கள். அவர் பையை அங்கேயே விட்டுவிட்டுத் தங்கையை வீட்டுக்குக் கூட்டிப் போயிருப்பார். அந்தப் பைக்குள் ஸ்டீராய்டு மாத்திரை இருந்தது. வருடக்கணக்காக அதைச் சாப்பிட்ட உடம்பு திடீரென்று அது இல்லாமல் தாங்காது. ரத்த அழுத்தம் விழுந்து ஆளே போய்விடலாம். மற்ற மாத்திரைகளை நிறுத்தினால் அடங்கியிருந்த லூப்பஸ் சிறுநீரகத்தின்மேல் பாயும். கத்திவைக்கப் போகிற நேரத்தில் இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

நான் வென்றாக வேண்டியது அந்தப் பையை மட்டும்தான்.

"மொதல்ல கேட்டீங்களே, அதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்," என்றேன். "அதச் சொல்லணுமா வேணாமான்னு அவங்கதான் முடிவு பண்ணணும். மருந்தப் பத்திக் கேட்டீங்க, அதுக்கு இப்பவே பதில் சொல்றேன். உக்காருங்க."

உட்கார்ந்தார்.

நான் பொய் சொல்லவில்லை. போனில் படித்ததில் பாதி உண்மை என்றே தொடங்கினேன். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஒரு வைரஸ். ஊரில் பாதிப் பேருக்கு என்றைக்காவது வந்து போகிற வைரஸ்தான். நல்ல உடம்பு அதைத் தானே துரத்திவிடும். உங்கள் தங்கையின் உடம்பில் காவல் குறைவு. லூப்பஸும் அதைக் குறைத்தது, லூப்பஸுக்குக் கொடுத்த மருந்தும் குறைத்தது. ஆனால் அந்த மருந்து இல்லையென்றால் அவளுக்கு எப்போதோ சிறுநீரகம் செத்திருக்கும், ஆளும் இருந்திருக்க மாட்டாள். மருந்தைக் கொடுத்தது தப்பில்லை. கொடுத்துவிட்டு, காவல் குறைந்த இடத்தில் யார் நுழைகிறார்கள் என்று பார்க்காமல் விட்டோமே, அதுதான் தப்பு. அது எங்கள் தப்பு, மருந்தின் தப்பு இல்லை. இப்போது நீங்கள் இதை நிறுத்தினால், கேன்சர் ஆளைக் கொல்லும்முன் மருந்து நின்றதே கொன்றுவிடும். எதைக் குறைக்கலாம், எதைத் தொடரலாம் என்று பெரிய டாக்டர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். அதுவரை ஒரு மாத்திரையும் நிற்கக் கூடாது.

 அந்தப் பெரிய மனிதரின் கண் கலங்கியிருந்தது. அம்மா சாகும்போது இவளை என் கையில்தான் கொடுத்துவிட்டுப் போனார் என்றார். பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நன்றி சொல்லவில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. மதியம் விமலா போன் செய்து, மாத்திரை கொடுத்துவிட்டேன் டாக்டர், என் முன்னாலேயே முழுங்கினாள் என்றார்.

கோபம் நமக்கு நிறைய வரும், வர வேண்டும். அதை எங்கே செலவழிப்பது என்பதுதான் நம் தொழிலில் பாதி. அன்று அண்ணன்மேல் செலவழித்திருந்தால் வேறு இடத்தில் செலவழிக்க என்னிடம் மிச்சம் இருந்திருக்காது.

அறுவை சிகிச்சைக்கு முன் லூப்பஸ் நிபுணரும் புற்றுநோய் அறுவை நிபுணரும் அவளைப் பற்றி ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினார்கள். எந்த மருந்தைத் தள்ளிப்போடுவது, ஸ்டீராய்டை அறுவை நாளில் எவ்வளவு கூட்டுவது என்று முடிவெடுத்தார்கள். இத்தனை வருடத்தில் அவளைப் பார்த்த இரண்டு பிரிவுகள் ஒன்றாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அதற்கு ஒரு பெண்ணுக்குப் புற்றுநோய் வர வேண்டியிருந்தது.

கருப்பையை எடுத்தார்கள். காயம் ஆற மற்றவர்களைவிட நாளானது. கதிர்வீச்சு தேவைப்படவில்லை. சிறுநீரகம் தாங்கிக்கொண்டது. வார்டில் இருந்தபோது சுங்கை பெசார்க்காரர் பழப்பையோடு வந்து நின்றிருக்கிறார். கட்டில் பக்கத்தில் விமலா. யார் இவர் என்று விமலா கேட்க, லோகேஸ்வரி சொல்லிவிட்டாள். விமலா பிறகு என்னிடம் வந்து அழுதார். அந்த மனிதர்மேல் அவருக்குக் கோபம் இல்லை. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தேனே டாக்டர், என்கிட்டகூட சொல்லலையே என்றுதான் அழுதார். இப்போது சுங்கை பெசார்க்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கே வருகிறார். அண்ணன் அவரோடு பேசுவதில்லை, போ என்று சொல்வதும் இல்லை. லோகேஸ்வரி மறுபடி தைக்கப் போகிறாள். அவளைப் பார்க்கிறவர்கள் உயிர் பிழைத்தாளே என்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை. முதல் தடவை அவள் வாய் திறந்தபோதே பார்த்திருந்தால், ஒருவேளை அது புற்றுநோயாக மாறாத நிலையிலேயே இருந்திருக்கும். காலையில் வந்து, சிறிய சிகிச்சை எடுத்து, மாலையில் வீடு திரும்பியிருப்பாள்.

நீங்கள் யாரையும் பயமுறுத்த வேண்டும் என்று இதை நான் எழுதவில்லை. லூப்பஸ் புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. லூப்பஸ் உள்ள பெண்களில் பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் வருவதே இல்லை. மார்பகப் புற்றுநோய் இவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக வருவதாகத் தெரியவில்லை, கொஞ்சம் குறைவு என்றுகூடச் சொல்கிறார்கள். அதற்காக அந்தப் பரிசோதனையை விட்டுவிடச் சொல்லவில்லை, எல்லாப் பெண்களுக்கும் செய்வதை இவர்களுக்கும் செய்யுங்கள். ஆனால் சிலவகைப் புற்றுநோய்கள் இவர்களுக்குக் கூடுதலாக வருகின்றன. நிணநீர்க் கணுக்களில் வருவது அதில் முக்கியமானது. லூப்பஸில் கழுத்தில் கட்டி வரும், காய்ச்சல் வரும், உடம்பு இளைக்கும். நிணநீர்ப் புற்றுநோயிலும் இதே மூன்றும் வரும். லூப்பஸ் அடங்கியிருக்கும்போது கட்டி மட்டும் பெரிதாகிக்கொண்டே போனால், பழைய பதிலை மறுபடி சொல்லாதீர்கள், சதை எடுத்துப் பாருங்கள். புகைக்கிறவளாக இருந்தால் நுரையீரலை நினையுங்கள். கருப்பை வாயை மறக்கவே மறக்காதீர்கள். இப்போது பெண்கள் திரைக்குப் பின்னால் போய்த் தாங்களே மாதிரி எடுத்துக் கொடுக்கும் சோதனை வந்துவிட்டது. கூச்சம் என்ற சாக்கு உங்களுக்கு இனி இல்லை. வைரஸுக்குத் தடுப்பூசியும் இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். லூப்பஸ் உள்ள பெண்ணோடு அதைப் பற்றிப் பேசுங்கள். ஆனால் ரத்தம் படுகிறது என்று ஒருத்தி சொன்னால் சோதனைக் குச்சியைக் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். படுக்கவைத்துப் பாருங்கள்.

யார் வேலை என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் உங்கள் எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ, அவர்களைப் பார்ப்பது உங்கள் வேலை.

லோகேஸ்வரியின் அறுவை சிகிச்சை முடிந்து சில மாதங்களுக்குப் பிறகு இதைப் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. பல கிளினிக்குகளிலிருந்தும் ஆஸ்பத்திரியிலிருந்தும் மருத்துவர்கள் வந்திருந்தார்கள். பெயர் சொல்லாமல் லோகேஸ்வரியின் கதையை ஓர் இளம் டாக்டர் திரையில் காட்டி விளக்கினார். நன்றாகத்தான் தயாரித்திருந்தார். சரியான நேரத்தில் கண்டுபிடித்ததாக என்னைப் பாராட்டினார்கள், கை தட்டினார்கள். எனக்குக் காது கூசியது. நான் எதைக் கண்டுபிடித்தேன்? அவளே வாய்விட்டுச் சொன்னாள், நான் எட்டிப் பார்த்தேன். எட்டிப் பார்ப்பதற்குக் கைதட்டுகிற அளவுக்கு நம் தொழில் வந்துவிட்டதா?

கடைசியில் ஒரு பக்கம் வந்தது. நோய் முன்பே தெரியாமல் போனதற்கான காரணம் என்று மேலே எழுதி, கீழே ஒரே வரி: 'நோயாளி தாமதமாக வந்தார்.'

நான் எழுந்தேன். அந்த வரியை எடுங்கள் என்றேன்.

கூட்டத்தை நடத்தியவர் என்னைவிடப் பதவியில் பெரியவர், மரியாதையான மனிதர். இது எல்லா அறிக்கையிலும் வழக்கமாகப் போடுகிற வாக்கியம்தான், யாரையும் குறை சொல்வதற்காக இல்லை என்றார்.

"வழக்கமாப் போடுறதாலதான் எடுக்கச் சொல்றேன்," என்றேன். "இந்தப் பொண்ணு லூப்பஸ் பிரிவுக்கு வந்து சொன்னா. கிளினிக்குக்கு வந்து சொன்னா. மகளிர் பிரிவுக்கு வந்து சொன்னா. தாமதமா வந்தது நாம."

 சிலர் போனைப் பார்த்தார்கள். லூப்பஸ் நிபுணர் முன் வரிசையில் இருந்தார். அவர் திரும்பி என்னைப் பார்க்கவில்லை, ஆனால் டாக்டர் சொல்வது சரி என்று மைக் இல்லாமலே சொன்னார். கூட்டத்தை நடத்தியவர், குறித்துக்கொள்கிறோம், பிறகு திருத்திக்கொள்ளலாம், நீங்கள் உட்காருங்கள் என்றார். பிறகு என்றால் என்ன என்று எனக்கு வேலைக்காலம் முழுக்கத் தெரியும். இப்போதே திருத்தலாம், கம்ப்யூட்டர் திறந்துதானே இருக்கிறது என்றேன்.

விளக்கம் சொன்ன அந்த இளம் டாக்டர் பெரியவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் குனிந்து அந்த வரியை அழித்தார். என்ன எழுத வேண்டும் டாக்டர் என்று கேட்டார். நடந்ததை எழுதுங்கள் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தட்டினார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன: 'நோயாளி பலமுறை வந்து சொன்னார். ஒருவரும் பரிசோதிக்கவில்லை.'

அந்தக் கடைசிப் புள்ளி விழும்வரை நான் உட்காரவில்லை.